வேகமானி கூட்டிச் சொல்வதும் ஓடோமீட்டர் கூட்டிச் சொல்வதும் ஒன்றல்ல

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 2021-இல் தயாரான ஸ்விஃப்ட் காரொன்றை, ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் 38,000 கிலோமீட்டர் இருக்கும்போது வாங்கியிருக்கிறீர்கள். தாம்பரத்திலிருந்து திருச்சி சென்றபோது கைப்பேசி வரைபடம் 302 கிலோமீட்டர் என்றது. அந்தப் பயணத்தின் தூரத்தை மட்டும் தனியே காட்டும் ட்ரிப் மீட்டர் 307 என்றது. வழியில் வேகமானியின் ஊசி 100-இல் நின்றபோது கைப்பேசி 94 என்று காட்டியது. கருவி பழுதா, விற்றவர் மீட்டரில் கை வைத்திருப்பாரா, இனி எந்த எண்ணை நம்புவது என்பவையே உங்கள் மூன்று கேள்விகள். டயர் அளவு 185/65 ஆர் 15 என்றும், வாங்கியபோது இருந்த டயர்களே இன்னும் ஓடுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அதுதான் மிகவும் பயன்பட்டது.

வாகனப் பட்டறைகளின் மின்பிரிவில், முதலில் கேபிளில் ஓடும் வேகமானிகளையும் பிறகு மின்னணு மீட்டர்களையும் கழற்றி மாட்டியே இருபத்தாறு ஆண்டுகள் கழித்தவன் நான். காரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நீங்கள் தந்த எண்களை வைத்துக்கொண்டு ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: வேகத்தில் வந்த 6 கிலோமீட்டர் வித்தியாசம் பழுதல்ல, அதில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. தூரத்தில் வந்த 5 கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் டயராகத்தான் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே பிழையின் இரு முகங்களாக எண்ணியதிலிருந்துதான் உங்கள் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டு கருவிகளும் ஒரே இடத்திலிருந்து செய்தி பெற்றாலும் அதைக் கையாளும் விதம் தொடக்கத்திலிருந்தே வேறு. பழைய வேகமானியின் அடிப்படை, ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு சிறிய காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் எழுந்து, கிண்ணத்தையும் அதனோடு ஊசியையும் இழுக்கும். முடிபோன்ற ஒரு சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கும். ஊசி எங்கே நிற்கும் என்பது காந்தத்தின் வலு, வில்லின் இறுக்கம், கிண்ணத்தின் வெப்பநிலை ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. அதே கேபிள் சுழற்றும் பற்சக்கரங்களால் ஓடும் ஓடோமீட்டருக்கு இந்தச் சங்கடம் எதுவுமில்லை. இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று அது எண்ணும். வெயிலோ காந்தமோ அந்த எண்ணிக்கையைத் தொடாது. சுருக்கமாகச் சொன்னால், வேகமானி அளக்கும் கருவி, ஓடோமீட்டர் எண்ணும் கருவி.

எண்ணும் கருவி என்பதால் அது பிழையற்றது என்று பொருளல்ல. ஜப்பானிய மரபில் வந்த மீட்டர்களில் கேபிள் 637 முறை சுழன்றால் ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. அந்த 637-ஐக் கொண்டுவருவது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம்; அதில் 20 பற்கள் இருக்கலாம், 21 இருக்கலாம், இருபதரை இருக்க முடியாது. ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ கணக்கு 5 விழுக்காடு நகர்ந்துவிடும். ஆகவே, உண்மைக்கு மிக அருகில் வரும் பல் எண்ணிக்கையைத் தேர்ந்துவிட்டு மீதிப் பிழையோடு வாழ்ந்துகொள்வதுதான் அக்காலத்து வழக்கம். வேறு மாடலின் சக்கரத்தை மாட்டிவிட்டு, "மீட்டர் திடீரென்று கூடுதலாக ஓடுகிறது" என்று வந்த வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இன்றைய கார்களில் கேபிள் இல்லை. சக்கரத்தின் அருகே ஏபிஎஸ் பிரேக்குக்காக வைக்கப்பட்ட உணரி, சுழலும் வளையத்தின் பற்களையோ காந்தத் துண்டுகளையோ எண்ணித் துடிப்புகளாக அனுப்புகிறது. சில கார்களில் கியர்பெட்டியில் இருக்கும் உணரி இந்த வேலையைச் செய்கிறது. ஒரு சுற்றுக்கு 48 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், உங்கள் டயரில் ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நகர்வுக்குச் சமம். அத்தனை நுட்பமாக எண்ணும் அமைப்பிலிருந்து 100-க்கும் 94-க்கும் இடையிலான பிழை தவறுதலாக வர வாய்ப்பில்லை. கார் தன் வேகத்தை நன்றாகவே அறிந்திருக்கிறது. உங்களிடம் சொல்லும்போதுதான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது.

ஏன் கூட்டிச் சொல்ல வேண்டும்? ஐரோப்பா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, வேகமானி காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டுவதற்கு மட்டும் இடம் தருகிறது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கையும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரையும் சேர்த்தால் வருவதுதான் அந்த எல்லை. உண்மை வேகம் 40 என்றால் கருவி 48 வரை காட்டலாம். 80 என்றால் 92 வரை. 100 என்றால் 114 வரை. நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117ஆம் விதி வாகனத்துக்கு வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. உலகச் சந்தைக்காக வடிவமைக்கப்படும் கார்கள் எப்படியும் இந்த ஒருபக்க எல்லையை மனத்தில் வைத்தே உருவாகின்றன.

தயாரிப்பாளரின் இடத்திலிருந்து பாருங்கள். தொழிற்சாலையை விட்டு வெளியேறும் லட்சக்கணக்கான கார்களில் ஒன்றுகூட உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. டயர் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு சிறிது மாறும். புது டயர் பெரியது, தேய்ந்த டயர் சிறியது. காற்றைச் சிலர் கூடுதலாக அடைப்பார்கள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் பாதகமாகச் சேர்ந்தாலும் ஊசி உண்மைக்குக் கீழே போகக் கூடாது என்றால், தொடக்கத்திலேயே சில விழுக்காடு மேலே தூக்கி வைப்பதுதான் வழி. எடைக்கல்லில் குறைத்தால் தண்டனை, கொசுறு கொடுத்தால் தண்டனையில்லை என்ற நிலையில் கடைக்காரர் என்ன செய்வாரோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. உங்கள் காரின் உண்மை வேகம் 94 என்றால் ஊசி 107 வரை போகலாம். அது 100-இலேயே நிற்கிறது. என் கைக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை 3 முதல் 7 விழுக்காடு வரை கூட்டிக் காட்டியவை. உங்கள் 6.4 விழுக்காடு அந்த வட்டத்துக்குள் அடங்குகிறது.

ஓடோமீட்டருக்கு இப்படி ஒருபக்கமாகச் சாய வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் வழிகாட்டுதல் அதற்கு அனுமதித்திருப்பது கூடவும் குறையவும் 4 விழுக்காடு. வேகத்தைக் கூட்டிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை, ஓட்டுநர் சற்று மெதுவாகப் போவார், அவ்வளவுதான். தூரத்தைக் கூட்டிச் சொன்னால் உத்தரவாதக் காலம் முன்னதாக முடியும், சர்வீஸ் முன்னதாக வரும், விற்கும்போது விலை இறங்கும். அமெரிக்காவில் ஹோண்டா கார்களின் ஓடோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று வாடிக்கையாளர்கள் தொடர்ந்த வழக்கில், 2002 முதல் 2006 வரை விற்ற கார்களின் உத்தரவாத தூரத்தை 5 விழுக்காடு நீட்டித் தருவதாக அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அந்தக் காலத்திய எஸ்ஏஇ எல்லையை ஒட்டிய வித்தியாசம்தான் அது; ஆனாலும் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததே சிக்கலாயிற்று. அதன் பின்னர் வந்த கார்களில் தயாரிப்பாளர்கள் தூரக் கணக்கில் கூடுதல் கவனம் காட்டுகிறார்கள் என்பது என் அனுபவ மதிப்பீடு மட்டுமே.

ஆகவே ஒரே துடிப்பை வாங்கினாலும் மீட்டருக்குள் இரண்டு பெருக்கற்காரணிகள் இருக்கின்றன: வேகத்துக்குக் கூட்டப்பட்ட காரணி ஒன்று, தூரத்துக்கு நேர்மையான காரணி மற்றொன்று. வேகமானி 6 விழுக்காடு கூட்டினால் ஓடோமீட்டரும் 6 விழுக்காடு கூட்டும் என்று கணக்கிட்டு, "38,000 என்பது உண்மையில் 35,700தான்" என்று வாதிடுபவர்கள் உண்டு. உங்கள் கணக்கே அதை மறுக்கிறது: வேகம் 6.4 விழுக்காடு கூடியிருக்க, தூரம் 1.7 விழுக்காடுதான் கூடியிருக்கிறது.

அந்த 1.7 எங்கிருந்து வருகிறது என்று பார்க்க டயருக்கு வருவோம். சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித் தூரம் காண்பது மிகப் பழைய யோசனை. ரோமானியப் பொறியாளர் விட்ரூவியஸ் விவரித்த கருவியில், 4 அடி விட்டமுள்ள வண்டிச்சக்கரம் 400 முறை சுழன்றால் ஒரு ரோமானிய மைலான 5,000 அடி ஆகும். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். அவர் சக்கரத்தின் சுற்றளவை 12½ அடி என்று எடுத்துக்கொண்டார். 4 அடி விட்டத்துக்குச் சரியான சுற்றளவு ஏறத்தாழ 12.57 அடி, அரை விழுக்காடு பிழை அங்கேயே வந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடோமீட்டரின் பலவீனம் அதே இடத்தில்தான் இருக்கிறது. சுற்றை எண்ணுவதில் பிழையில்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை.

உங்கள் 185/65 ஆர் 15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மில்லிமீட்டர் சொச்சம். நடுவில் 15 அங்குலச் சக்கரம். எல்லாம் சேர்த்தால் விட்டம் 621.5 மில்லிமீட்டர். புது டயரின் ரப்பர் வரிப்பள்ளம் பொதுவாக 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். இடைப்பட்ட 6.4 மில்லிமீட்டர் தேய்ந்து முடியும்போது விட்டம் இரு பக்கமுமாக 12.8 மில்லிமீட்டர் சுருங்கும், அது 2 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். சக்கரம் சிறுத்துவிட்டது என்பது மீட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் புது டயரின் தூரத்தையே அது எழுதிக்கொண்டிருக்கும். மொட்டை டயருக்கு நெருங்கிய கார், புது டயரில் ஓடிய அதே காரைவிட 100 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடுதலாகக் கணக்கெழுதும்.

இதைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம். 302-க்கு 307 என்பது 1.66 விழுக்காடு. அந்த வித்தியாசம் முழுவதும் தேய்மானத்தால் என்றால் விட்டத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் போயிருக்க வேண்டும், அதாவது ரப்பரில் 5 மில்லிமீட்டர். மீதி 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயர் கடையில் ஆழமானி வைத்து அளக்க இரண்டு நிமிடம் போதும். 3 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் உங்கள் 5 கிலோமீட்டருக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. வேகக் கணக்கும் இதனோடு பொருந்துகிறது. உண்மை வேகம் 94 என்றால், தேய்ந்த டயரில் காரின் கணினி 95 அல்லது 96 என்று எண்ணிக்கொண்டிருக்கும்; மீதி நான்கு ஐந்து கிலோமீட்டரை மீட்டர் வேண்டுமென்றே கூட்டுகிறது. புது டயர் போட்டபின் ஊசி 100-இல் நிற்கும்போது கைப்பேசி 95 அல்லது 96 காட்டினால் வியக்காதீர்கள்.

இது எவ்வளவு உறுதி என்றால், டயர் பற்றிய கணக்கு உறுதி, உங்கள் 302 என்ற எண் அவ்வளவு உறுதியல்ல. வரைபடம் சொல்வது சாலையின் நடுக்கோட்டு நீளம். நீங்கள் ஓட்டியது அந்தக் கோடு அல்ல. டீ குடிக்க சர்வீஸ் சாலையில் இறங்கியது, தவறவிட்ட திருப்பத்துக்காக அடுத்த பாலம்வரை போய்த் திரும்பியது, பெட்ரோல் பங்க்கில் சுற்றியது எல்லாம் ட்ரிப் மீட்டரில் ஏறியிருக்கும், வரைபடத்தில் ஏறியிருக்காது. 300 கிலோமீட்டர் பயணத்தில் இப்படி ஒன்றிரண்டு கிலோமீட்டர் சேர்வது எளிது. ஆகவே ஓடோமீட்டரின் தனிப்பிழை 1 முதல் 1.7 விழுக்காட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்று சொல்வதே நியாயம். இன்னும் குறுக்கிச் சொல்ல அந்த ஒரு பயணம் போதாது.

காற்றழுத்தத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்று குறைந்தால் சக்கரம் தாழும், அதனால் கணக்கு பெரிதாக மாறும் என்று தோன்றும். ஆனால் இன்றைய ரேடியல் டயரின் உள்ளே சுற்றிவரும் எஃகுப் பட்டையின் நீளம் மாறுவதில்லை. டயர் கீழே நசுங்கினாலும் ஒரு சுற்றில் தரையில் படியும் நீளம் விழுக்காட்டில் சிறு பின்னம்தான் குறையும். அந்தச் சிறு பின்னத்தையும் கண்டுபிடிக்கும் கார்கள் இருக்கின்றன: தனி உணரி இல்லாமல், நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே காற்றிறங்கிய டயரை எச்சரிப்பவை அவை. ஆனால் உங்கள் 5 கிலோமீட்டரை விளக்க அது போதாது.

டயர் அளவை மாற்றுவது வேறு விஷயம். கடந்த தலைமுறை ஸ்விஃப்டின் அடிப்படை வகைகளில் 165/80 ஆர் 14, உயர் வகையில் 185/65 ஆர் 15 என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பார்வைக்கு வேறான இந்த இரண்டின் விட்டமும் 619.6, 621.5 மில்லிமீட்டர் என்று அருகருகே நிற்கும். சக்கரம் பெரிதாகும்போது ரப்பரின் உயரத்தைக் குறைத்துச் சுற்றளவைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல், அதே சக்கரத்துக்குக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று 195/65 ஆர் 15 போட்டால் விட்டம் 634.5 ஆகி 2 விழுக்காடு கூடிவிடும். அப்போது ஊசி உண்மையை நெருங்கும், ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்து எழுதத் தொடங்கும். மீட்டர் சரியாகிவிட்டது என்று மகிழ்பவர்கள், வேகமானிக்கு வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியைச் செலவழித்துவிட்டோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கைப்பேசியை எவ்வளவு நம்பலாம்? சீரான வேகத்தில், திறந்த வானத்தின் கீழ், நேரான சாலையில் அது காட்டும் வேகம் உங்கள் ஊசியைவிட நம்பத்தக்கது. அடுத்தடுத்த இடங்களைக் கழித்துப் பார்த்து மட்டும் அது வேகம் காண்பதில்லை. செயற்கைக்கோள் அலைகளின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து, டாப்ளர் விளைவைக் கொண்டு கணிக்கிறது. வேகம் கூடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது ஒன்றிரண்டு நொடி பின்தங்கும். மேம்பாலத்தின் அடியிலும் சுரங்கப்பாதையிலும் தடுமாறும். தூரத்தில் அதன் குணம் வேறு. நெரிசலில் நிற்கும்போது இருப்பிடம் ஆடி ஆடிப் பொய்த்தூரம் சேரும், வளைவுகளில் மூலைகளை வெட்டித் தூரம் குறையும். எனவே வேகத்துக்குக் கைப்பேசியைச் சாட்சியாக வைக்கலாம், தூரத்துக்கு வைக்கும்போது கவனம் தேவை.

தூரத்தைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த சாட்சி நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல். ஆனால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் சோதிப்பது வீண் வேலை. ட்ரிப் மீட்டர் 100 மீட்டருக்கு ஒருமுறைதான் எண் மாறும் என்பதால், ஒரு கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிழை அதிலேயே வந்துவிடும். 25 கிலோமீட்டர் ஓடினால் அந்தப் பிழை 0.4 விழுக்காடாகவும், 50 ஓடினால் 0.2 ஆகவும் சுருங்கும். கல்லின் நேரே வரும் கணத்தில் ட்ரிப்பைச் சுழியாக்க, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் செய்ய வேண்டாம். புறவழிச்சாலை வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தொழிலில் சேர்ந்த புதிதில் ஒரு வேனை இப்படிச் சோதித்து, மீட்டர் 4 விழுக்காடு தப்பு என்று எழுதிக் கொடுத்து, பற்சக்கரத்தையும் மாற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் வேன் திரும்பி வந்தது. நான் எண்ணிய கற்களுக்கு நடுவே ஊரைச் சுற்றிப் புதுச் சாலை போட்டிருந்தார்கள். பழைய சாலையின் கணக்கில் நட்ட எண்கள் அப்படியே தொடர, நடுவில் ஒரு கிலோமீட்டர் மட்டும் நீண்டு கிடந்தது. அன்றிலிருந்து எந்தச் சோதனையையும் போகும்போதும் வரும்போதும் இரண்டு வெவ்வேறு பகுதிகளில் செய்யாமல் நான் முடிவு சொல்வதில்லை.

வேகத்தையும் கைப்பேசி இல்லாமல் சோதிக்கலாம். காலையில் வண்டிகள் குறைந்த நேரத்தில் ஊசியை 80-இல் நிறுத்திக்கொண்டு, கல்லுக்குக் கல் நேரத்தை உடன் வருபவர் குறிக்கட்டும். உண்மையில் 80 என்றால் கிலோமீட்டருக்கு 45 நொடி. 48 நொடி ஆனால் உண்மை வேகம் 75. ஒரு கிலோமீட்டரில் கை தாமதமாக அழுத்தும் கால் நொடியும் அரை நொடியும் கணக்கைக் கெடுக்கும் என்பதால் 5 கிலோமீட்டருக்குச் சேர்த்துப் பாருங்கள். ஊசியை நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். பக்கத்து இருக்கையிலிருந்து சாய்வாகப் பார்த்து "நீ 85-இல் போகிறாய்" என்று சொல்பவருக்கும் ஓட்டுபவருக்கும் நடக்கும் சண்டையில் இருவர் கண்ணும் அவரவர் கோணத்தில் சரியே. காரின் சோதனைச் செருகியில் மாட்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி கைவசம் இருந்தால் காரின் கணினி எண்ணும் வேகத்தை அப்படியே படிக்கலாம். பல கார்களில் அது ஊசியைவிடக் குறைவாகவும் கைப்பேசியை ஒட்டியும் இருக்கும். கூட்டல் எங்கே நடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி வேறில்லை.

இனி விற்றவர் மீட்டரில் கை வைத்தாரா என்பது. இதற்கு உங்கள் திருச்சிப் பயணத்தில் எந்தச் சாட்சியமும் இல்லை, சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை. கிலோமீட்டரைக் குறைப்பவர் மீட்டரின் நினைவகத்தில் இருக்கும் மொத்தத்தை மாற்றி எழுதுகிறார். அதன் பிறகு மீட்டர் எண்ணும் விகிதத்தை அவர் தொடுவதில்லை. 98,000-ஐ 38,000 ஆக்கிய காரும் உங்கள் பயணத்தில் 307 என்றுதான் காட்டியிருக்கும். கேபிள் காலத்தில் முறை வேறு. சுற்றுலா வேன் ஒன்றின் உரிமையாளர் டீசல் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் ஒட்டவில்லை என்று கொண்டுவந்தார். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. கியர்பெட்டியில் கேபிளைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுமூடியைப் பார்த்தேன். அதன் விளிம்புகள் இடுக்கி பட்டுப் பட்டு உருண்டு, நிறம் மங்காமல் பளபளத்தன. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றப்படும் மூடி அப்படி இருக்காது. திரும்பும் பயணங்களில் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

உங்கள் காரில் அத்தகைய அடையாளம் கிடைக்காது. வேறு இடங்களில் தேட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறி இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23ஆம் வாரம். நான்கு டயர்களும் காரின் ஆண்டையே காட்டி, ரப்பரும் 3 மில்லிமீட்டர் இருந்தால், ஒரே செட் டயரில் 38,000 கிலோமீட்டர் என்பது நம்பக்கூடியது. அதே டயர்கள் 98,000 தாங்கியிருக்கும் என்பது எனக்கு நம்பக் கடினம். குறியின் கடைசி இரண்டு இலக்கம் 24 என்று, அதாவது 2024ஆம் ஆண்டைக் காட்டினால், 38,000-க்குள் முதல் செட் டயர் எப்படித் தீர்ந்தது என்று விற்றவரிடம் கேட்க வேண்டும். பஞ்சரும் கல் கிழித்த வெட்டும் கூடக் காரணமாக இருக்கலாம், அதனால் அது சந்தேகம்தான், முடிவல்ல. டயரைவிட வலுவான சாட்சி சர்வீஸ் பதிவேடு. அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டர், தேதியோடு ஏறுவரிசையில் இருக்க வேண்டும். சில மாடல்களில் மீட்டர் தவிர வேறு மின்னணுப் பெட்டிகளும் தூரத்தைச் சேமிக்கும். தகுந்த கருவியுள்ள பட்டறை அதைப் படித்துச் சொல்லும். காப்பீடு புதுப்பித்த தாள்களிலும் சில வேளைகளில் பழைய எண் எழுதப்பட்டிருக்கும்.

எந்த எண்ணை நம்புவது என்ற கேள்வியில் இன்னொரு சிறு கணக்கு மிச்சமிருக்கிறது. மைலேஜ் பார்க்கும்போது ஓடோமீட்டரின் பிழை அப்படியே உள்ளே வரும். 25 லிட்டருக்கு 450 கிலோமீட்டர் என்று மீட்டர் சொன்னால் லிட்டருக்கு 18 என்பீர்கள், மீட்டர் 1.7 விழுக்காடு கூட்டுகிறது என்றால் உண்மை 17.7. புது டயர் போட்டபின் மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புபவர்கள் எங்கள் பட்டறைக்கு மாதந்தோறும் வருவார்கள். புது டயரின் உருள் எதிர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு பகுதி, மீட்டர் இப்போதுதான் உண்மைத் தூரத்தை எழுதத் தொடங்கியிருக்கிறது என்பதே.

வரும் வாரத்தில் டயர் கடைப் பக்கம் போனால் நான்கு டயர்களின் ரப்பர் ஆழத்தையும், ஒவ்வொன்றின் நான்கு இலக்கக் குறியையும் குறித்து இங்கே எழுதுங்கள். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிய விவரம் தெரிந்தால் அதையும் சேருங்கள். 307-இல் டயருக்குப் போக மீதி எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.